பையோடு சேர்த்த எடை

பதினோரு வருடமாக நான் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையிலிருந்து தொழிற்பேட்டைக்குள் ஒரு சாலை பிரிகிறதே, அந்தத் திருப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் மேடை. லாரி ஏறி நிற்கும், கம்ப்யூட்டரில் எண் விழும், நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். சீட்டில் மூன்று வரி. சரக்கோடு வண்டியின் எடை, காலி வண்டியின் எடை, கழித்தால் வரும் சரக்கு எடை. மூன்றாவது வரிதான் கணக்கு. முதல் வரியை மட்டும் காட்டி எவனும் இரும்பு விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. டீசல் டேங்க் நிரம்பியிருக்கிறது, சக்கரத்தில் சேறு ஒட்டியிருக்கிறது, கிளீனர் உள்ளேயே தூங்குகிறான் என்று டிரைவர்கள் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். நானும் விட மாட்டேன். "மொதல்ல கிளீனர எறக்கி உடு, அப்பறம் வெயிட்டு பாக்கலாம்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கத்துவேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நான் தெரியாமல்தான் கழிக்காமல் விட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மேடைக்கு எதிரே, பஞ்சர் கடையை ஒட்டி, ஒரு அக்கா தள்ளுவண்டியில் நாஷ்டா போடுவாள். இட்லி, பூரி, வடகறி. காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் பத்து மணிக்குள் பாத்திரம் காலி. லாரிக்காரர்கள் தமிழ், தெலுங்கு, இந்தி என்று வாய்க்கு வந்ததில் கேட்பார்கள். அவளுக்கு மூன்றும் அரைகுறைதான், ஆனால் மூன்றிலும் திட்ட மட்டும் முழுசாக வரும். நான் சீட்டு அடிப்பதால் என்னைப் பில்லு பாப்பா என்று கூப்பிடுவாள். முப்பது தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட ஒரு ஆள் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. "பில்லு பாப்பா, வடகறி தீந்துடப்போது, சீக்கிரம் வா" என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். லாரிகள் வரிசை கட்டி நின்று என்னால் எழுந்திருக்க முடியாத நாட்களில் தட்டை அவளே கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

அவள் புருஷன் பழைய இரும்பு ஏற்றி வருகிறேன் என்று நெல்லூர்ப் பக்கம் போனவன், போனவன்தான். ஒரே பெண். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டால் தள்ளுவண்டி வியாபாரம் படுத்துவிடும். அந்த நாட்களில் அக்கா அரிசி கொண்டுபோவாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் செய்வதுதான். ரேஷன் அரிசியைப் பையில் கட்டி, மின்சார ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, எல்லை தாண்டி சூலூர்பேட்டையில் இறக்கிவிடுவார்கள். அது தப்புதான். பிடிபட்டால் அரிசி போகும், வசவு விழும், அன்றைய நாள் பாழ். மறுநாள் அதே ரயிலில் அதே பெண்கள் போவார்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பதில்லை, யாருடையது என்றும் கேட்பதில்லை. எல்லை தாண்டிப் பை தூக்குவது அவர்களுக்குச் சோறு வடிப்பது மாதிரி ஒரு வேலையாகப் பழகிப்போயிருந்தது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஒரு வார்ப்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். உலைக்கு முன்னால் நிற்கும் வேலை. மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த ஷிப்டும் சேர்த்து நிற்க வேண்டும். உடம்பு வலி தெரியாது என்று சொல்லி, கூட வேலை செய்தவன் ஒருவன் கஞ்சாப் பொட்டலம் கொடுத்துப் பழக்கினான். இரண்டு வருடத்தில் வேலை போயிற்று, பேசி வைத்திருந்த கல்யாணம் போயிற்று, என் தம்பியும் போய்விட்டான். வீட்டில் இருந்தது வேறு யாரோ. அம்மா பெரியபாளையம் போய் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் காசு கேட்டு அவன் தள்ளியதில் அம்மா சுவரில் மோதி மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. மாவுக்கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "அவன் தள்ளலடி, நானே உழுந்துட்டேன்" என்று என்னிடமே சொன்னாள்.

அந்த நாட்களில் என் வாய் இன்னும் மோசமாகியிருந்தது. "கஞ்சா விக்கிறவங்கள நடுரோட்ல நிக்க வச்சி சுடணும்" என்று மேடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். "உடு பாப்பா, காலைலயே இன்னாத்துக்கு டென்ஷனு" என்று சொல்லிவிட்டு வடகறியை இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவாள்.

அம்மாவுக்கு மாவுக்கட்டு போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆடி மாதம். அன்று காலை எதிரே தள்ளுவண்டியைக் காணோம். ஆந்திராவிலிருந்து பெரியபாளையம் போகிற கூட்டத்தால் பஸ்களெல்லாம் பிதுங்கிக்கொண்டு வந்தன. பதினோரு மணி வாக்கில் போலீஸ்காரர் ஒருவர் என் ஜன்னலைத் தட்டினார். "ஏம்மா, சின்ன தராசு இருக்கா? எடுத்துக்கினு பஸ் ஸ்டாப்பாண்ட வா. லேடீஸ் சாட்சி ஒண்ணு வேணும்" என்றார். பார்சல் நிறுக்க எங்களிடம் ஒரு எலக்ட்ரானிக் தராசு உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு போனேன். போலீஸ் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. மறுநாளும் அதே சாலையில்தானே கடை திறக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் கூட்டத்துக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பெரிய பயணப் பை. ஜிப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பழுப்பு டேப் சுற்றிய பத்துப் பொட்டலங்கள். ஒன்றைக் கிழித்திருந்தார்கள். அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். தம்பியின் சட்டையில் வரும் அதே வாசனை.

என்னைப் பார்த்ததும் அக்கா, "பில்லு பாப்பா, நீ சொல்லும்மா சாராண்ட. நான் எதுர நாஷ்டா போடறவதானே? குட்கான்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஆந்திரா தடாவுல இருந்து இங்க எறக்கி வெச்சா ஒருத்தன் வந்து வாங்கிப்பான்னாங்க. சாமி சத்தியமா குட்கான்னுதான் நெனச்சேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. வாசனை தெரியாதா என்று ஒரு மனசு கேட்கிறது. டேப் சுற்றி, பாலிதீன் சுற்றி, மேலே ரெண்டு பழைய புடவை வைத்துக் கொடுத்தால் எப்படித் தெரியும் என்று இன்னொரு மனசு கேட்கிறது. அன்று அந்த இரண்டாவது மனசு எனக்கு இல்லை. அம்மாவின் மாவுக்கட்டுதான் கண் முன்னால் நின்றது. இத்தனை நாள் எனக்குச் சோறு போட்ட கை, என் தம்பிக்கு இதையும் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

புடவைகளை எடுத்துவிட்டு, பொட்டலங்களைப் பையோடு சேர்த்து அப்படியே தூக்கித் தராசில் வைத்தார்கள். எண் ஓடி நின்றது. இன்ஸ்பெக்டர் பேனாவோடு என்னைப் பார்த்தார். பையைக் கழிக்கணும் சார் என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்தது. ஏழு வருடப் பழக்கம், அதுவாகவே வந்துவிடும். நான் அதை விழுங்கினேன். ஏறட்டும், எவ்வளவு ஏறுமோ ஏறட்டும் என்று தோன்றியது. அந்த எண்ணின்மேல் என்ன தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஆனால் கழிக்காமல் விடுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

"இருபது கிலோ எண்ணூத்தி அம்பது சார்."

"சரியா பாத்தியாம்மா?" என்று அவர் கேட்டார். மனுஷன் கேட்கத்தான் செய்தார்.

"சரியாதான் சார் கீது" என்றேன். பிடித்ததை எழுதி வைக்கும் மகஜர் தாளில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். நான் தராசைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து அடுத்த லாரிக்குச் சீட்டு அடித்தேன். மூன்று வரியும் ஒழுங்காக அடித்தேன்.

அந்த வாரம் தம்பிக்குப் பொட்டலம் கிடைக்கவில்லை. மூன்று நாள் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றினான். பார்த்தாயா, ஒருத்தியைப் பிடித்ததும் எப்படி அடங்கிவிட்டது என்று நான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நாலாம் நாள் வெளியே போய்விட்டுச் சிவந்த கண்ணோடு வந்து படுத்தான். அவ்வளவுதான், நாலு நாள். அக்காவிடம் பையைக் கொடுத்தவன் யார், வாங்க வரவிருந்தவன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் சொன்ன போன் நம்பர் அன்றைக்கே அணைந்துவிட்டது. சில மாதம் கழித்துத் தம்பியும் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டான். சின்ன அளவு என்று அபராதம் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். என் தம்பி என்கிறபோது எனக்குச் சட்டம் இரக்கமாக இருக்க வேண்டியிருந்தது.

அக்காவின் பெண் என்னைத் தேடி வந்தது பத்தாம் நாள். பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்திருந்தாள். "அக்கா, எங்கம்மாவ எங்க வெச்சிகினு கீறாங்க? எப்ப உடுவாங்க?" என்றாள். என் கையெழுத்து அந்தத் தாளில் இருப்பது அவளுக்குத் தெரியும். போலீஸ் கேட்டால் போட்டுத்தானே ஆக வேண்டும் என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். திருவாலங்காட்டில் ஒரு பெரியம்மா இருந்தாள், ஒரு மாதம் வைத்துக்கொண்டு கை விரித்துவிட்டாள். அரசு மாணவியர் விடுதியில் நான்தான் சேர்த்தேன். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர். லீவு விட்டால் எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மாவுக்கு அவள்மேல் உயிர். அப்போது நான் செய்ததையெல்லாம் இரக்கம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

ஜாமீன் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு முறையும் இல்லை என்றார்கள். இரண்டு வருடம் ஆகப்போகும் சமயத்தில் எனக்குச் சம்மன் வந்தது. சென்னையில், போதைப்பொருள் வழக்குகளுக்கென்று இருக்கும் நீதிமன்றம். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கூட வந்த ஏட்டு பொழுதுபோகாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"இது இருபது கிலோவுக்கு மேலம்மா. வியாபார அளவுன்னு பேரு. கொறஞ்சது பத்து வருஷம்."

"பத்தா? கொறைக்க மாட்டாங்களா சார்? பொண்ணு ஒண்ணு கீதே."

"ஜட்ஜே நெனச்சாலும் ஒரு நாள் கொறைக்க முடியாது. சட்டம் அப்டி. இருபதுக்குள்ள இருந்தா அவரு இஷ்டம், ஆள பாத்து, நெலமய பாத்து போடுவாரு. உள்ள போயி நல்லா நடந்துகினாலும் இதுல தள்ளுபடி கெடையாது."

"சார், அன்னிக்கி பையோட சேத்து நிறுத்தோம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரல் கடுமையாகவெல்லாம் இல்லை, என்மேல் அக்கறையாகத்தான் பேசினார். "இத்தினி நாளு கழிச்சி அத ஏம்மா கௌப்புற? கையெழுத்து உன்னுது. மாத்தி சொன்னா பொய் சாட்சின்னு உன் மேலயே திரும்பும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு ஊடு போயி சேரு" என்றார்.

கூண்டில் ஏறியபோது எதிரில் அக்கா நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், பெண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் அல்லவா. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றேன். அடுத்து, அக்காவுக்கு இலவசமாகக் கொடுத்திருந்த வக்கீல் எழுந்தார். அவர் கையில் அன்று ஒரு கட்டு வழக்கு இருந்தது. கேட்பார், தராசைப் பற்றி இவர் கண்டிப்பாகக் கேட்பார், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று மனசுக்குள் தயாராக நின்றேன். பை எடை கழித்தீர்களா என்று மூன்று வார்த்தை. லாரி டிரைவர் எவனாக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பான்.

அவர் கேட்டது வேறு. "சம்பவ இடத்தில் நீங்கள் இல்லவே இல்லை, போலீஸ் நிலையத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்கிறேன்" என்றார்.

"இல்லைங்க, நான் இருந்தேன்" என்றேன். அது உண்மை.

"கஞ்சா எதுவும் கைப்பற்றவில்லை, எடையும் போடவில்லை என்கிறேன்."

"எடை போட்டோம். நான்தான் போட்டேன்." அதுவும் உண்மை.

வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு நிமிடம் இறங்காமல் நின்றேன். அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். கிளீனரை இறக்கு என்று ரோடு அதிரக் கத்துகிற வாய். உன் மேலயே திரும்பும் என்ற ஏட்டின் வார்த்தை அதை அடைத்துவிட்டது. இறங்கி வந்துவிட்டேன். ஒரு பொய்கூடச் சொல்லாமல் அவளை மாட்டிவிட்டு வந்தேன்.

தீர்ப்பு நாளன்று யாரும் கூப்பிடாமலே போனேன், அவள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. குற்றம் நிரூபணமானது என்று படித்துவிட்டு, தண்டனை பற்றி ஏதாவது சொல்கிறாயா என்று நீதிபதி கேட்டார். "பொட்டப்புள்ள தனியா கீதுங்க ஐயா" என்றாள் அக்கா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருடத்துக்குக் குறைத்துக் கொடுக்க இந்தச் சட்டத்தில் எனக்கு அதிகாரம் இல்லையம்மா" என்றார். அன்று அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அதிகாரம் இல்லாவிட்டால் அவ்வளவு உயரத்தில் எதற்கு நாற்காலி என்று நினைத்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அவருக்கு அன்று வேலையே இல்லை. தண்டனையை அவர் தீர்மானிக்கவில்லை, தராசு தீர்மானித்தது. தராசைப் பிடித்தவள் நான்.

கஞ்சா தூக்கினால் தண்டனையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டில் நடந்ததைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் எடைக்குத் தண்டனை என்று வைத்துவிட்டால், எடையைத் தொடுகிறவர்தான் மாட்டுவார். தடாவில் பையைக் கொடுத்தவன் அதைச் சுமக்கவில்லை. இங்கே வாங்க வேண்டியவனும் சுமக்கவில்லை. அதற்குச் சொந்தக்காரன் அந்தப் பையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். அவர்களுக்குப் பூஜ்ஜியம் கிலோ, பூஜ்ஜியம் வருடம். பத்து வருடம் போட்டால்தான் பயம் வரும் என்று நானும் ஒரு காலத்தில் பேசியவள்தான். பத்து வருடம் என்று ஒன்று இருப்பதே எனக்கு வராந்தாப் பேச்சில்தான் தெரிய வந்தது, அக்காவுக்கு மாட்டிய பிறகுதான். தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது? அவள் பயந்ததெல்லாம் அரிசிக்குத் திட்டுகிற ரயில்வே போலீசுக்கு மட்டும்தான்.

தீர்ப்பு வந்த வாரமே கும்மிடிப்பூண்டி பஜாரில் அதே மாதிரி ஒரு பயணப் பை வாங்கினேன். பழுப்பு டேப், பாலிதீன் எல்லாம் வாங்கி, தவிட்டை வைத்துப் பத்துப் பொட்டலம் கட்டினேன். பிறகு தவிட்டைக் கொட்டிவிட்டு, பையையும் டேப்பையும் பாலிதீனையும் மட்டும், மேடையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்திருந்த அதே தராசில் வைத்தேன். ஒரு கிலோ முந்நூறு. அம்மா வாசற்படியில் நின்று, எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள். கழித்துப் பார்த்தால் பத்தொன்பதரை. அன்று மேடைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்து அழுதேன். தம்பிகூட வந்து என்ன ஆச்சு என்று கேட்டான்.

அக்காவின் வக்கீலைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் வழக்கே வேறம்மா. இருபதுக்குள் வந்திருந்தால், இரண்டு வருடம் உள்ளே இருந்ததே போதும் என்றுகூட விட்டிருப்பார்கள்" என்றார். மேல்முறையீட்டில் கேட்டுப் பார்க்கலாம், நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சரக்கையும் பையையும் எப்போதோ அழித்திருப்பார்கள், அதனால் என் வாக்குமூலம் ஒன்றுதான் ஆதாரம் என்றார். அதைக் கொடுத்தால் முன்னால் சொன்ன சாட்சிக்காக என்மேல் வழக்கு வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. நான் சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் சொன்னேன். அப்படியானால் என்ன காரணத்துக்காக மேல்முறையீடு என்பதை அக்காவுக்குச் சொல்லி, அவள் கையெழுத்தை வாங்க வேண்டும் என்றார்.

புழல் ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போனேன். அவள் பெண்ணும் வந்திருந்தாள். முதலில் நான் தனியாகப் பேசிவிட்டு வருகிறேன் என்று அவளை வெளியே உட்கார வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா போனை எடுத்து, "பில்லு பாப்பா, இளச்சிட்டியே" என்றாள்.

"அக்கா, நான் அன்னிக்கி பைய கழிக்கல."

அவளுக்குப் புரியவில்லை. எந்தப் பையை என்று கேட்டாள். முழுசாகச் சொன்னேன். நாக்கு நுனிக்கு வந்ததையும் விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னேன்.

"கழிச்சிருந்தா எவ்ளோ வந்திருக்கும்?"

"பத்தொம்போதரைக்கா."

"அதுக்கு எத்தினி வருஷம்?"

"ஜட்ஜு இஷ்டம். இருந்த வரைக்கும் போதும்னுகூட உட்டிருப்பாருன்னு வக்கீலு சொல்றாரு."

கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பெண்ணின் வகுப்பைக் கணக்குப் போடுகிறாள் என்று புரிந்தது. "பன்னெண்டாவது படிக்க சொல்ல ஊட்ல இருந்திருப்பேன்" என்றாள்.

"ஆமாக்கா."

"ஏன் பாப்பா கழிக்கல?"

"என் தம்பி... உங்க மேல கோவம்கா எனக்கு."

"உன் தம்பிக்கு நான் குடுக்கலியே. ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாமே" என்றாள். அவள் கத்தியிருந்தால், காறித் துப்பியிருந்தால் நான் கொஞ்சம் பிழைத்திருப்பேன்.

மேல்முறையீடு பற்றிச் சொன்னேன். தாள் கொண்டுவந்திருக்கிறேன், உள்ளே கொடுத்து அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"நீ இப்ப போயி இத சொன்னா, உன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்களா?"

"கேஸ் போடலாம்னாரு. போட்டா போடட்டும்கா."

"உள்ள வெப்பாங்களா?"

"வெக்கலாம்."

"கண்டிப்பா எனக்கு கொறைப்பாங்களா?"

"கண்டிப்பான்னு சொல்ல முடியாதுக்கா."

போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி எடுத்தபோது குரல் நாஷ்டா கடைக் குரலாக மாறியிருந்தது. "அப்ப வேணாம். ரெண்டு பேரும் உள்ள குந்திக்கினா எம்பொண்ணு லீவுக்கு யாரு ஊட்டுக்கு வரும்? அவளுக்கு உன்ன உட்டா ஆளு இல்ல பாப்பா. நான் இருந்துட்டு வரேன். நீ அவளாண்ட மட்டும் இத சொல்லிடாத. சொன்னா உன் ஊட்டு வாசப்படி ஏற மாட்டா, அப்பறம் எங்க போவா?"

நான் அழுதேன், அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா, கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சினேன். எல்லாம் செய்தேன். ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில் என் நெஞ்சுக்குள் முதலில் வந்தது நிம்மதி. நான் சிறைக்குப் போக வேண்டாம் என்கிற நிம்மதி. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஆடியோடு நாலு வருடம் முடிகிறது. இன்னும் ஆறு. அவள் பெண் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறாள். போன வாரம் லீவுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்து, "அம்மா எப்பவும் இன்னா சொல்லும் தெரியுமாக்கா? உன் அக்காவ மட்டும் உட்டுடாத, அவங்களாலதான் நாம கீறோம்னு சொல்லும்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.